தமிழ்ப் பெட்டி மட்டும் ஏன் நீளம்

என் பிரியாவிடைக்கு நீங்கள் எல்லோரும் காசு சேர்த்து ஒரு கண்ணாடிப் பலகை செய்து தந்தீர்கள். மிக்க நன்றி. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். சுவரில் மாட்ட மாட்டேன். ஏனென்று சொன்னால் கோபிப்பீர்கள். கோபித்தால் கோபியுங்கள். கீழ்வரியில் இருக்கும் "வாழ்த்துகிறோம்" என்ற சொல்லின் புள்ளி, மேல்வரியில் இருக்கும் "பாராட்டுமுகமாக" என்ற சொல்லின் "மு"வுக்குள் போய்ச் சொருகிக்கொண்டு நிற்கிறது. வரி இடைவெளி, வரி இடைவெளி என்று உங்கள் காதெல்லாம் புண்ணாகும்வரை கத்திய ஒருத்திக்கு இப்படி ஒரு பரிசு கொடுக்க உங்களால்தான் முடியும்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது பலகைக்காக இல்லை. கேக் வெட்டும் நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "மிஸ் போனாப் பிறகு அந்தக் கடல் சைட்டை ஒருக்கா நேராக்க வேணும். அந்தத் தமிழ்ப் பெட்டி கண்ணைக் குத்துது." யார் சொன்னதென்று எனக்குத் தெரியும். பேரைச் சொல்லிக் கேவலப்படுத்த மாட்டேன். நான் அழுவேன் என்று நினைத்து மேசையில் டிஷூப் பெட்டி வைத்திருந்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மேடையில் அதைக் கக்கினால் கேக் கசந்துவிடும் என்று பேசாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

உங்களுக்கு வரி இடைவெளி என்பது ஒரு சொல். இணையப் பக்கத்தின் நிரலில், கோட் என்போமே அதில், கிளாஸ் என்கிற ஒரு கட்டளைச் சொல்லை ஒட்டினால் வரிகள் நெருங்கும், இன்னொன்றை ஒட்டினால் விலகும். லீடிங்-டைட் என்றால் இறுக்கம், லீடிங்-ரிலாக்ஸ்ட் என்றால் தளர்வு. எனக்கும் இந்த முறை பிடிக்கும். முந்தி ஒவ்வொரு பக்கத்துக்கும் முழம் முழமாக எழுதித் தள்ளிய காலத்தை நினைத்து நான் ஒருநாளும் ஏங்கியதில்லை. ஆனால் அந்தக் கிளாஸ்களுக்கு அளவு வைத்தவர்கள் "தூ"வையும் "ழ்"ஐயும் பார்த்து அளவு வைக்கவில்லை. ஆங்கில எழுத்து பெரும்பாலும் நடுவில் அடக்க ஒடுக்கமாக இருக்கும். எங்கள் எழுத்து மேலே கொண்டை போட்டு, புள்ளி வைத்து, கீழே சுழித்துக்கொண்டு நிற்கும். அதற்கு இடம் வேண்டும். அதை ஒரு குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்குக் கதை இல்லை.

மூதூரில் ஒருவருக்கு அவருடைய அரிசி ஆலைக்கு இணையத்தளம் செய்துகொடுத்தோம். அதில் ஊர்ப் பெயர் போட்ட பொத்தானுக்கு நம்மில் ஒருவர் இருப்பதிலேயே இறுக்கமான கிளாஸைக் கொடுத்து, வெளியே தள்ளிக்கொண்டு வருவதையெல்லாம் மறைத்தும் விட்டார். "ர்" இன் புள்ளி பறந்துவிட்டது. "மூ", "தூ" இரண்டின் கீழ்ச்சுழியும் பாதியோடு நின்றுவிட்டன. மதர என்றோ முதுர என்றோ வாசிக்கலாம், மூதூர் என்று மட்டும் வாசிக்க முடியாது. ஆலைக்காரர் போன் எடுத்தார். "என்ன மிஸ், எங்கட ஊருக்குத் தலையும் இல்ல, காலும் இல்ல. உங்கட ஊரையும் இப்பிடித்தான் எழுதுவீங்களா?" என்று கேட்டார். எங்கள் திருகோணமலை என்ற சொல்லில் ஒரு புள்ளிகூட இல்லை, அது இந்த இறுக்கத்திலும் பெரும்பாலும் தப்பிவிடும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே திருத்திக் கொடுத்தோம். அது சிரித்துவிட்டுப் போகிற பிழை.

கடல் தளத்தின் கதை அப்படியானதல்ல.

அப்போது நமது அலுவலகம் உட்துறைமுக வீதியில், ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நடத்தியவர் கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணிக்காரர். அவருடைய ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அன்பான மனிதர்தான், ஆனால் கொழும்பிலிருந்து போன் வந்தால் கதிரையை விட்டு எழும்பி நின்று கதைப்பார். கொழும்பில் ஒரு பெரிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு வேலை கிடைத்து, அதில் ஒரு பங்கு நம்மிடம் வந்தது. மீனவர்களுக்கான கடல் அறிவித்தல் தளம். கடலுக்குப் போகலாமா கூடாதா, காற்று எப்படி, அலை எப்படி என்று ஒரு உத்தியோகத்தர் எழுதிப் போடுவார். அது சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று பெட்டிகளாக, மொழி தெரிவுசெய்கிற தொல்லை இல்லாமல், போனைத் திறந்தவுடன் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். நல்ல யோசனை. அதை யோசித்தவர் கொழும்பு நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பாளர் கெவின்.

கெவினைப் பற்றி நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது. கெட்டிக்காரர், மரியாதையானவர். தமிழ்ப் பிள்ளைதான். ஆனால் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்குத் தமிழ் பேச வரும் மிஸ், வாசிக்கத்தான் கஷ்டம்." ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

முதல் சண்டை லீடிங்-டைட்டில் தொடங்கியது. மூன்று பெட்டிக்கும் ஒரே கிளாஸ், ஒரே உயரம், ஒவ்வொன்றிலும் மூன்று வரி. தமிழ்ப் பெட்டியில் வரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நான் தமிழுக்கு மட்டும் லீடிங்-ரிலாக்ஸ்ட் போட்டேன். கொழும்பில் அதைக் கழற்றினார்கள். நான் திரும்பப் போட்டேன். திரும்பக் கழற்றினார்கள். கடைசியில் கெவின் போன் எடுத்தார்.

"மிஸ், தளர்த்தினா தமிழ்ப் பெட்டி மட்டும் நீண்டிடுது. மூணு மொழியும் சமம்னு காட்டத்தான் மூணு பெட்டியும் ஒரே அளவு. அதுதான் இந்த டிசைனோட கருத்தே. சின்ன போன்ல மூணும் ஒரே பார்வையில தெரியணும். தள்ளிப் பாக்க ஆக்களுக்கு நேரம் இருக்காது."

"சமம் எண்டா ஒரே அளவுச் சட்டை எண்டு அர்த்தமில்ல கெவின். எனக்கும் உங்களுக்கும் ஒரே சட்டை தைச்சா ஆருக்குச் சரிவரும்?"

சிரித்தார். யோசிப்பதாகச் சொன்னார். நான் விடவில்லை. கிழமை முழுக்க மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். நானா என் மேசைக்கு வந்து, "தங்கச்சி, புள்ளிக்காகவா இவ்வளவு சண்டை?" என்று கேட்டார். "ஓம் நானா, புள்ளிக்காகத்தான்" என்றேன்.

பிறகு ஒரு நாள் கொழும்பிலிருந்து சந்தோஷமான செய்தி வந்தது. தமிழுக்கு லீடிங்-ரிலாக்ஸ்ட் போட்டாயிற்று, இனி மிஸ் கோபிக்கத் தேவையில்லை என்று. திறந்து பார்த்தேன். உண்மைதான், புள்ளிகள் மூச்சு விட்டன, சுழிகள் முட்டவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானா தேத்தண்ணிக் கடைக்கு ஆள் அனுப்பிச் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

ரோல்ஸைக் கடித்துக்கொண்டே நிரலைப் பார்த்தேன். தளர்த்திய வரிகளைப் பழைய உயரத்துக்குள் அடக்க இன்னொரு கிளாஸ் சேர்த்திருந்தார்கள். லைன்-கிளாம்ப். இத்தனை வரிக்கு மேல் காட்டாதே, மிச்சத்தை மறைத்து மூன்று புள்ளி போட்டு முடி என்று சொல்லும் கிளாஸ். மூன்று வரி இருந்த இடத்தில் இனி இரண்டு வரிதான், சமம் என்று மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் அதையே ஒட்டியிருந்தார்கள். நான் உடனே கெவினைக் கேட்டேன், நீளமான வாக்கியம் வந்தால் என்ன செய்வதென்று. அறிவித்தல்கள் எல்லாம் குறுகியதாகத்தான் இருக்கும் என்று வாடிக்கையாளர் சொல்லியிருக்கிறார், எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்றார். மறுநாளே திறப்பு விழாவுக்காகத் தளத்தைப் பூட்டிவிட்டார்கள். இனி விழா முடியும்வரை யாரும் நிரலில் கை வைக்கக்கூடாது என்று கட்டளை. விழாவுக்கு முன்பே தளத்தின் முகவரி கரையோரச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம். வாடைக்காற்று தொடங்குகிற நாட்கள். என் தம்பி ரவி சல்லிக் கரையிலிருந்து போன் எடுத்தான். நான் லிங்கநகருக்குக் கல்யாணம் செய்து வந்தவள், பிறந்த இடம் சல்லிதான். ரவி இன்றைக்கும் அங்கே போட் ஓட்டுகிறான். குரலில் பெருமை.

"அக்கா, உங்கட சைட் நல்லா வேலை செய்யுது. காலமை ரேடியோவில காத்து வரும் எண்டாங்கள், போறதோ விடுறதோ எண்டு குழம்பிக்கொண்டு நிண்டனாங்கள். இப்ப உங்கட சைட்டில போகச் சொல்லிப் போட்டிருக்கு. இறக்கப் போறம்."

என்னால் நம்ப முடியவில்லை. "என்ன போட்டிருக்கு? அப்பிடியே வாசி."

"இன்று பிற்பகல் மீனவர்கள் கடலுக்குச் செல்ல."

"அதுக்குப் பிறகு?"

"அவ்வளவுதான். புள்ளி புள்ளியாக் கிடக்கு."

மேசைக் கணினியில் அறிவித்தலைத் திறந்து முழுதாகப் பார்த்தேன். "இன்று பிற்பகல் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். பலத்த காற்று வீசும்." உத்தியோகத்தர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். குறுகியதாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் ரவியின் போன் சின்னது, கண்ணாடி இல்லாமல் வாசிக்க அவன் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறான். அவனுடைய திரையில் முதல் வரி "இன்று பிற்பகல் மீனவர்கள்". இரண்டாம் வரி "கடலுக்குச் செல்ல". மூன்றாம் வரியில்தான் "வேண்டாம்". அந்த மூன்றாம் வரி இல்லை.

இதைக் கவனியுங்கள். ஆங்கிலக்காரன் "டூ நொட்" என்று தொடங்கிவிடுவான். அவனுடைய வாக்கியத்தை எங்கே வெட்டினாலும் தடை மிஞ்சும். தமிழில் மனிசரைச் சொல்லி, கடலைச் சொல்லி, போவதைச் சொல்லி, எல்லாம் சொன்ன பிறகுதான் வேண்டாம் என்போம். வால் பக்கம் வெட்டினால் எச்சரிக்கை அழைப்பாக மாறிவிடும். சிங்களத்திலும் வேண்டாம் என்கிற "எப்பா" கடைசியில்தான் வரும். அன்று சிங்கள வாக்கியம் கொஞ்சம் குறுகியதாக இருந்து, நூலிழையில் இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. இன்னும் ஒரு சொல் கூடியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

"டேய், வேண்டாம் எண்டு கிடக்குடா! போக வேண்டாம்! வெட்டுப்பட்டுப் போச்சு!" என்று கத்தினேன். கீழே இரும்புக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தாராம்.

"என்னக்கா சொல்லுறீங்கள்? இங்க எல்லாரும் அதை வாசிச்சிட்டுத்தான் போட் தள்ளுறாங்கள்."

"நிப்பாட்டு. எல்லாரையும் நிப்பாட்டு. அக்கா சொன்னவ எண்டு சொல்லு."

"சல்லியில சொல்லலாம். நிலாவெளியில ஆர் சொல்லுறது? வெருகல் பக்கம் ஆர் சொல்லுறது? அவங்களும் இதைத்தானே பாப்பாங்கள்?"

அவன் கேட்டது சரி. சல்லியில் என் தம்பி இருக்கிறான். மற்றக் கரைகளில் இருப்பவர்களுக்கு அந்தத் திரையை விட்டால் வேறு ஆள் இல்லை.

அறிவித்தல் எழுதும் உத்தியோகத்தருக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. கெவினுக்கு அடித்தேன். அவர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மிஸ், பூட்டைத் திறக்க எங்க கம்பனி டைரக்டர் சொல்லணும். அவர் விழாவுக்கு அங்கதான் வந்துட்டிருக்கார். வழியில ஹபரணைக் காட்டுக்குள்ள இருப்பார், லைன் கிடைக்கல. ஒண்ணு செய்யலாமா? அந்த ஒஃபிசரைப் பிடிச்சு, 'வேண்டாம்' முதல்ல வர்ற மாதிரித் தமிழை மாத்தி எழுதச் சொல்லுங்க. அப்ப கோட்ல கை வைக்கத் தேவையில்ல."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஒஃபிசர் போன் எடுக்கேல்ல கெவின். எடுத்தாலும் சொல்ல மாட்டன். உங்கட பெட்டிக்குள்ள அடங்குறதுக்காக நாங்கள் தலைகீழாக் கதைக்க ஏலாது. பெட்டியைத்தான் மாத்த வேணும்."

"டைரக்டர் வரும்வரைக்கும் பொறுங்க மிஸ், ப்ளீஸ்."

"கடலுக்குப் போனவன் பொறுப்பானா?"

போனை வைத்தேன். நானா பின்னால் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"தங்கச்சி, நீங்க சொல்றது நியாயம். ஆனா அவங்கட பூட்டை நாம உடைச்சா அடுத்த வேலை வராது. இந்த மாடியில இருக்கிற புள்ளைகளுக்கு என்ன பதில் சொல்றது?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. உங்களில் இரண்டு பேர் அப்போது புதிதாகச் சேர்ந்தவர்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு விசைப்பலகையைத் தட்டுவதுபோல் நடித்தது எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் சம்பளத்தை வைத்து நான் சூதாடுகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. வீரம் ஒன்றும் இல்லை.

"நானா, பிழையாப் போனா என்னை வேலையால நிறுத்துங்கோ. நான் தன்னிஷ்டத்துக்குச் செய்தனான் எண்டு எழுதிக் குடுக்கிறன்."

அவர் யன்னல் பக்கம் போய்த் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதையே நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

தளத்தைப் பூட்டிய பூட்டு உண்மையில் ஒரு சொல்தான், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தமிழ்ப் பெட்டியிலிருந்து லைன்-கிளாம்ப்பை அழித்தேன். பெட்டியின் உயரத்தைக் கட்டிவைத்த கிளாஸையும் அழித்தேன். சிங்களப் பெட்டியிலும் இரண்டையும் அழித்தேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். லீடிங்-ரிலாக்ஸ்டைத் தொடவில்லை. வரியை நெருக்கி மூன்றாவதை உள்ளே திணித்திருக்கலாம், பெட்டி உயரமும் மாறாமல் இருந்திருக்கும், கொழும்பும் கோபித்திருக்காது. அந்த நினைப்பு எனக்கும் ஒரு கணம் வந்தது. ஆனால் பெரிய எழுத்து வைத்திருக்கும் இன்னொரு போனில் அது நாலாவது வரியாகியிருக்கும். ஒரு போனுக்காகத் திருத்துவது திருத்தம் இல்லை, சமாளிப்பு. அப்படியே அனுப்பினேன். தளம் மாறியது. தமிழ்ப் பெட்டி மட்டும் ஒரு வரி நீண்டு, மற்ற இரண்டுக்கும் நடுவில் துருத்திக்கொண்டு நின்றது.

ரவிக்கு அடித்தேன். "இப்ப திறந்து பார். என்ன கிடக்கு?"

"பொறுங்கோ. ஓம். வேண்டாம். வேண்டாம் எண்டு வந்திட்டு." பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாருக்கோ கத்தினான்: "அண்ணை, வேண்டாமாம்! இப்பதான் போட்டிருக்கிறாங்கள்!"

அடுத்த அழைப்பு கெவின். தளம் மாறிவிட்டதென்று அவருடைய கணினிக்குத் தகவல் போயிருக்கிறது.

"மிஸ், யார் அனுமதி குடுத்தது?"

"ஒருத்தரும் குடுக்கேல்ல. நான்தான் செய்தனான்."

"எனக்கு அதைப் பழையபடி ஆக்கச் சொல்லி உத்தரவு. இங்க மேல இருக்கிறவங்க பக்கத்தில நிக்கிறாங்க."

"ஆக்குங்கோ. நான் ஆக்க மாட்டன். ஆக்க முதல் ஒரு உதவி. பழைய பக்கம் உங்களிட்டப் படமாக் கிடக்குமே, அதில இருக்கிற தமிழை எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. எழுத்துக் கூட்டி வாசிச்சாலும் பரவாயில்ல."

அவர் வாசித்தார். மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி. "மீ…ன…வர்…கள். கட…லுக்…குச். செல்…ல." நின்றுவிட்டார்.

"அதுக்குப் பிறகு?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப போகலாமா, போகக்கூடாதா?"

பின்னால் யாரோ ஆங்கிலத்தில் அவசரப்படுத்துவது கேட்டது. "நான் இதை இதுக்கு முன்னால ஒருதரம்கூட வாசிக்கல மிஸ்," என்றார் கெவின். "உருவத்தை மட்டும்தான் பார்த்தேன்." பழையபடி ஆக்கவில்லை. என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் விழா. பெரிய திரையில் மூன்று பெட்டிகளும் போனில்போல் ஒன்றின் கீழ் ஒன்றாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. டைரக்டர் என்ற மனிதரை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். கோட்டுச் சூட்டோடு முன்வரிசையில் இருந்தார். திரையைக் கண்டதும் முகம் சுருங்கியது. எழும்பி வந்து, எல்லோருக்கும் முன்னால், ஆங்கிலத்தில் கேட்டார்: தமிழ்ப் பெட்டி மட்டும் ஏன் நீளம்?

நானா என்னைப் பார்த்தார். கெவின் என்னைப் பார்த்தார். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் அன்றைக்கு அந்த மண்டபத்தில், மீனவர்கள் கதிரை நிறைய இருக்கும்போது, ஆங்கிலத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன்.

"ஐயா, எங்களுக்கு வேண்டாம் எண்ட சொல் கடைசியில வரும். அது வரும்வரைக்கும் பெட்டி நீளத்தான் வேணும்."

கெவின் மொழிபெயர்த்தார். முழுவதையும் ஒழுங்காகச் சொன்னாரோ தெரியாது, ஆனால் "வேண்டாம்" என்பதை மட்டும் ஆங்கிலமாக்காமல் தமிழிலேயே சொன்னார். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். டைரக்டர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை.

இனி, உங்களில் சிலர் ஆவலோடு காத்திருக்கும் இடம். விழாவுக்கு முதல் நாள், அந்த அறிவித்தல் போட்ட அன்று பின்னேரம், புயல் அடித்து, கடல் பொங்கி, நான் பல உயிர்களைக் காப்பாற்றினேன் என்று சொல்வேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? காற்றே வரவில்லை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ரவி இரவுச் சாப்பாட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைத் திட்டினான்: "காத்தும் இல்ல, ஒண்டும் இல்ல. சும்மா ஒரு நாள் தொழிலைக் கெடுத்துப்போட்டீங்கள்." நான் அவனுக்கு இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினேன். "காத்து வாறதும் வராததும் என்ட வேலை இல்ல. வேண்டாம் எண்டு எழுதினதை வேண்டாம் எண்டு காட்டுறதுதான் என்ட வேலை" என்றேன். அவனுக்குச் சமாதானமாகவில்லை.

அந்த நிறுவனம் அதற்குப் பிறகு நமக்கு ஒரு புது வேலையும் தரவில்லை. அந்த ஆண்டு மிகவும் இறுக்கமாகப் போனது, உங்களுக்கும் தெரியும். நானா சில நாட்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, என்னைப் பார்க்காமல், "கிண்ணியாவில எங்கட மச்சான்ட போட்டும் அண்டைக்குக் கடலுக்குப் போகாம நிண்டதாம்" என்று மட்டும் சொன்னார். அதோடு அந்தக் கதை முடிந்தது. கடல் தளத்தைப் பராமரிக்கும் வேலை மட்டும் பிறகு நம்மிடமே வந்ததும், கெவின் அங்கே இருந்து செய்த காரியமாகத்தான் இருக்கும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் சரியென்று காற்று வந்து சாட்சி சொல்லவில்லை. உங்களுக்கும் பல நாட்களில் சொல்லாது. நீங்கள் சண்டை பிடித்த புள்ளியைப் பிறகு யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சரியாக இருக்கும் எழுத்தை யார் கவனிப்பார்? அதற்காகச் சண்டையை விடாதீர்கள். இன்னுமொன்று. எதிராளி இறங்கி வந்து, கேட்டது கிடைத்துவிட்டது என்று ரோல்ஸ் சாப்பிடும்போது நிரலைத் திறந்து பாருங்கள். என்னிடம் ஒன்றைத் தந்துவிட்டு இன்னொன்றை எடுத்ததை நான் அப்படித்தான் கண்டேன்.

போன கிழமை ரவி ஒரு புதினமான செய்தி சொன்னான். சல்லியில் இப்போது அந்தத் தளத்தைத் திறந்தால் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பார்களாம். அங்கே வேண்டாம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார்களாம். "அந்த நீண்ட பெட்டியைத்தான் அக்கா தேடுவம். கண்டவுடன தெரிஞ்சிரும்" என்றான்.

அந்தத் தளம் இப்போது உங்கள் கையில். திறந்தால் மூன்று பெட்டிகளில் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். வடிவாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். யாராவது ஒருவர் வந்து, நல்ல மனதோடு, ஒரேயொரு கிளாஸ்தானே என்பார். கேக் வெட்டும்போது கேட்ட அந்தக் குரலுக்குச் சொல்கிறேன், மற்றவர்களும் கேளுங்கள்: கண்ணைக் குத்தட்டும், கொழும்பு சிரிக்கட்டும், எந்த டைரக்டரும் வந்து எந்த மொழியிலும் கேட்கட்டும், அந்தப் பெட்டியை நேராக்க வேண்டாம்.